பசியா, போரா?

ஹோட்டல் சலவைக்கூடத்தில் சீசன் நேரத்தில் லீவு கேட்பது, வலியப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான். அது வாலுவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

வாலு என்பது வீட்டுப் பெயர். இருபத்தைந்து வயதாகி, நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து வாங்கி, முழங்கை வரை சூட்டுத் தழும்போடு நிற்கிறவளை இன்னும் வாலு என்று கூப்பிட உலகத்தில் இரண்டே பேர்தான் உண்டு. ஒன்று அம்மா, இன்னொன்று அண்ணன். அந்த இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. லீவு அதற்குத்தான்.

“லீவுக்கு வந்தவங்க துணியத் துவைக்கத்தான் நமக்குச் சம்பளம். நமக்கே லீவுன்னா அப்புறம் யார் துவைக்கறது? வந்தவங்களா?” என்றாள் மேற்பார்வைக்கார அக்கா.

“ஒரே ஒரு நாள்க்கா. ஞாயித்துக்கிழமை மட்டும்.”

“அப்படி என்ன தலை போற காரியம்?”

“எங்க அண்ணன் வெளிநாட்டுக்குப் போறான். குடும்பத்தோட, ஒரேயடியா.”

“வழியனுப்பவா?”

“இல்லக்கா. சாப்பாடு போட.”

அக்கா சிரித்துவிட்டாள். “ஏன், அவனுக்குப் பொண்டாட்டி இல்லையா?” என்று கேட்டுவிட்டு, வாலுவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “சரி, போய்த் தொலை. திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு உருளை முன்னால நிக்கணும். ஒரு நிமிஷம் தள்ளக் கூடாது.”

மணி, நிமிஷம் என்று யார் பேசினாலும் வாலுவுக்கு மனசு பழைய வீட்டுக்கு ஓடிவிடும். அது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. சலவைக்கூடத்துக்கு வந்து விழுகிற விரிப்புகளை உதறினால் கடற்கரை மணல் கொட்டும், பாதி தின்ற சாக்லேட் ஒட்டியிருக்கும், சில சமயம் ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை வந்து விழும். இவ்வளவு பணத்தைக் கொட்டி வந்தும் இவர்களுக்கு லீவு எடுக்கவே தெரியவில்லையே என்று அவள் மனதுக்குள் பரிதாபப்படுவாள். லீவு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவளைக் கேட்டால் சொல்லுவாள். யாரும்தான் கேட்பதில்லை.

அம்மா, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்திலேயே துப்புரவு வேலை பார்த்தாள். அப்பா வாலுவுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளி நாட்களில் அம்மா விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். பிள்ளைகள் வகுப்புக்குப் போகும்போது வராந்தாவின் கோடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருப்பாள். மத்தியானச் சாப்பாட்டைப் பள்ளியே போட்டுவிடும். பிள்ளைகளும் அங்கேயே சாப்பிடுவார்கள், அம்மாவும் சமையல்காரர்களோடு ஒரு தட்டு சாப்பிட்டுக்கொள்வாள். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது.

பெரிய லீவு விட்டதும் அவள் வேறு அம்மாவாக ஆகிவிடுவாள். ஆறு வாரம் முழுசாக வீட்டில் இருப்பாள். முதல் நாள் காலையில் முக்காலியைப் போட்டு ஏறி, சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டுவாள். “மணிக்கு லீவு விட்டாச்சு!” என்று கத்துவாள். பிள்ளைகள் இருவரும் கைதட்ட வேண்டும். வாலு தட்டுகிற தட்டில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடிப்பார்.

அதன்பிறகு வீட்டில் மணி என்ற பேச்சே கிடையாது. ஜன்னலுக்குக் கனத்த போர்வை போட்டு மறைத்துவிடுவார்கள். தூக்கம் போனால்தான் காலை. மெத்தையைக் கூடத்தின் நடுவில் இழுத்துப்போட்டுக் கப்பல் விளையாட்டு நடக்கும். மெத்தைதான் கப்பல். “அலை வருது, யாரும் அசையாதீங்க!” என்று அம்மா சொன்னதும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கிடக்க வேண்டும். அசைந்தவர் கடலில் விழுந்தவர். வாலுதான் எப்போதும் விழுவாள். அண்ணன் இருக்கிறானே, அவன் மணிக்கணக்கில் கட்டை மாதிரி கிடப்பான்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விளையாட்டு உண்டு. யாராவது சிணுங்கினால் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நீதிபதி குரலில் கேட்பாள்: “பசியா, போரா?”

பசி என்று சொன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒற்றைக்காலில் கூடத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு, மறுபடி வந்து சொல்ல வேண்டும். அப்போதும் பசி என்றால் அது நிஜப் பசி. போர் என்று சொன்னால் அம்மா உடனே ஒரு கதையோ விடுகதையோ எடுத்துவிடுவாள். வாலு ஒவ்வொரு தடவையும் “பசி!” என்றுதான் கத்துவாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிறு குலுங்கக் குலுங்க நொண்டியடித்துச் சிரித்து விழுவாள். அண்ணன் ஒருநாள்கூடப் பசி என்று சொன்னதில்லை. அவளைவிட நாலு வயசு மூத்தவன், பதினோரு வயசுப் பையன், கல்லையும் தின்று செரிக்கிற வயசு. அவனை எப்போது கேட்டாலும் “போர்” என்பான். அதனால் வாலு அவனுக்குப் போர்வீரன் என்று பட்டம் கட்டினாள். ஏழு வயசில் இப்படி ஒரு சிலேடை சொன்ன மூளை தனக்கு என்று இன்றைக்கும் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நாளின் கடைசியில் பெரிய தட்டு வரும். ஒரே ஒரு தட்டு. அம்மா சோற்றைப் பிசைந்து, உருண்டை பிடித்து, இரண்டு பேர் கையிலும் மாற்றி மாற்றி வைப்பாள். தனக்கு என்றால், “சமைக்கும்போதே வாசனை புடிச்சு வயிறு நெறஞ்சிடுச்சு” என்பாள். மூன்றாவது உருண்டைக்குள் அண்ணனுக்குப் போரடித்துவிடும். எழுந்து போய்ப் போர்வையை விலக்கித் தெருவை வேடிக்கை பார்ப்பான். மிச்சமெல்லாம் வாலுவுக்குத்தான். அந்தச் சோற்றின் ருசியை அதற்கப்புறம் அவள் எங்கேயும் பார்க்கவில்லை. ஹோட்டலில் ஊழியர்களுக்கு வகைவகையாகப் போடுகிறார்கள். சாப்பிடுகிறாள், அவ்வளவுதான்.

அப்படி ஒட்டிக் கிடந்த குடும்பம் எப்படி இப்படி ஆயிற்று என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. அண்ணன் பதினெட்டு வயசில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்குப் போனான், தனியாக அறை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அம்மா வீட்டில் கை நனைப்பதில்லை. வருவான். மருந்து வாங்கிவந்து வைப்பான், குழாய் ஒழுகினால் சரிசெய்வான். ஆனால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற காலோடு திரும்பிவிடுவான். “சாப்பிட்டுட்டுத்தான் வந்தேம்மா” என்பான். நாலு வருஷம் முன்பு கல்யாணம் ஆனதும் உறவுக்காரர்கள் பழியைத் தூக்கி மருமகள் தலையில் போட்டார்கள். அதற்கு முன்னால் ஏழு வருஷம் அவன் யார் பேச்சைக் கேட்டுச் சாப்பிடாமல் இருந்தானாம்? அதைக் கேட்க ஆளில்லை. அம்மா மட்டும் எப்போதாவது, “என் கையில என்ன விஷமா இருக்கு?” என்று பாத்திரத்தைப் பார்த்துக் கேட்பாள்.

அவன் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, நெஞ்சும் சரியில்லை. அவன் அடுத்து எப்போது வருவானோ, வரும்போது அம்மா இருப்பாளோ இல்லையோ. அதனால் வாலு ஒரு திட்டம் போட்டாள். பழைய லீவு நாளை அப்படியே ஜோடித்துவிட்டால் அண்ணன் மனசு இளகிவிடும், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். போனில் பேசும்போது அவனிடம் இதெல்லாம் சொல்லவில்லை.

“ரெண்டு மணி நேரம் வரேன்” என்றான்.

“சாப்பிடணும்.”

“பாக்கலாம் வாலு” என்றான். முடியாது என்று சொல்லவில்லையே, அதுவே அவளுக்குப் பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, வறுத்த மீன், அவித்த முட்டை. மூன்று பேருக்கு முப்பது பேர் சமையல். காலையிலிருந்து இருவருமே ஒன்றும் சாப்பிடவில்லை. “அவன் வரட்டும்டி” என்றாள் அம்மா. அம்மாவுக்கு மகளிடம் வாய்க்கு வாய் ‘டி’தான். கொஞ்சினாலும் டி, திட்டினாலும் டி.

வாலு மெத்தையைக் கூடத்துக்கு இழுத்துவந்தாள். ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டாள். முக்காலியில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள்.

“எதுக்குடி அது?” அம்மாவின் கரண்டி நின்றுவிட்டது. “ஒழுங்கா மாட்டு.”

“அண்ணாவுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரட்டும்மா.”

“வந்து என்ன ஆகப்போகுது? வேணாம்டி. சொன்னாக் கேளு.”

அம்மா வெட்கப்படுகிறாள் என்று வாலு நினைத்துக்கொண்டாள். மனுஷி ஒரு காலத்தில் ஆடிய ஆட்டத்தை வயசான பிறகு நினைத்துக் கூசுகிறாள் என்று. அம்மாவின் முகத்தை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் முக்காலியை விட்டு இறங்கியிருப்பாள். அவள்தான் கடிகாரத்தைத் திருப்பி மாட்டுவதில் மும்முரமாக இருந்தாளே.

அண்ணன் வந்தான். வாசலில் ஒரு நொடி தயங்கினான். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினான்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அவன் உள்ளே வந்து, அரை இருட்டில் கண்ணைச் சுருக்கி, மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தான். “என்னது, வீட்டுல கரண்ட் இல்லையா?” என்றான் சிரித்தபடி. பெட்டியெல்லாம் கட்டியாச்சா, அங்கே குளிருமா, அவன் மனைவி ஏன் வரவில்லை என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. அம்மா பெரிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, மெத்தையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

“மணி என்ன ஆச்சு?” என்று அவன் சுவரை நிமிர்ந்து பார்த்தான். கடிகாரத்தின் முதுகுதான் தெரிந்தது.

“மணிக்கு லீவு விட்டாச்சு!” என்று கத்தி வாலு கைதட்டினாள். அவள் மட்டும்தான் தட்டினாள்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். போர்வையைப் பார்த்தான். உட்கார்ந்திருந்த மெத்தையைத் தடவிப் பார்த்தான். அம்மா உருண்டை பிடித்து அவன் பக்கம் நீட்டினாள். வாலு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நீதிபதி குரலை வரவழைத்துக் கேட்டாள்: “சொல்லுங்க போர்வீரரே! பசியா, போரா?”

“போர்” என்றான் அண்ணன். யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. தானாக வந்துவிட்டது.

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். “பாத்தியாம்மா! ஆள் மாறவே இல்ல! அன்னிக்கும் போர், இன்னிக்கும் போர்!”

“சிரிக்காத வாலு.”

அவள் நிறுத்தவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்தாள்.

“சிரிக்காதன்னு சொல்றேன்ல.” அவன் குரல் உயரவில்லை, ஆனாலும் அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “எனக்கு ஒரு நாளும் போரடிச்சதே இல்ல.”

“டேய், விடுடா” என்றாள் அம்மா.

“ஸ்கூல்ல பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிப்பாங்க, ஞாபகம் இருக்கா? லீவு விட்டா அந்தச் சாப்பாடு கிடையாது. அம்மாவுக்குச் சம்பளமும் கிடையாது. பன்னெண்டரை ஆச்சுன்னு நமக்குத் தெரியக் கூடாது. அதுக்குத்தான் கடிகாரத்தத் திருப்பினாங்க.”

வாலு அம்மாவைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லுவாள் என்று பார்த்தாள். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கப்பல்?” என்றாள் வாலு.

“ஓடியாடினா பசிக்கும்ல.”

போர்வையைப் பற்றி அவள் கேட்கவில்லை. விடிந்தது தெரியாமல் தூங்கினால் ஒரு வேளை கழிந்துவிடும் என்பது அவளுக்கே இப்போது புரிந்துவிட்டது. ஒற்றைக்காலில் நொண்டும்போது வயிற்றில் குலுங்கிய தண்ணீரும் நினைவுக்கு வந்தது. ஆறு வாரமும் மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு தட்டுச் சோறு. அதில் பெரும்பங்கைத் தின்றது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தின்றதோடு விடாமல், விட்டுக்கொடுத்தவனுக்குப் பட்டம் வேறு கட்டியிருக்கிறாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் எதுவும் தெரியாதுன்னு நெனச்சேன்டா” என்றாள் அம்மா. “வேற எதுவும் செய்ய முடியல. சிரிக்க வச்சாவது வளத்தேன்னு ஒரு நிம்மதி இருந்துச்சு.”

“ஆனா உனக்குத் தெரியும்மா.” அண்ணன் இப்போதுதான் அம்மாவை நேராகப் பார்த்தான். “நான் பொய் சொல்றேன்னு உனக்குத் தெரியும். அவ சின்னப் புள்ள, அவளுக்குத்தான் குடுக்கணும். அதுல எனக்குக் கோவமே இல்ல. ஆனா நான் போர்னு சொல்லும்போதெல்லாம், ஒரே ஒரு தடவ, ‘பொய் சொல்லாதடா, சாப்பிடு’ன்னு சொல்லுவியான்னு பாத்துட்டே இருப்பேன். நீ என் மூஞ்சியப் பாக்கவே மாட்ட. அடுத்த உருண்டைய அவ கையில வச்சிருவ. நீ சொல்லியிருந்தாலும் நான் சாப்பிட்டிருக்க மாட்டேம்மா. சத்தியமா மாட்டேன். இருந்தாலும்...”

அம்மாவின் நீட்டிய கையில் உருண்டை அப்படியே இருந்தது.

“சொன்னா, நீ சாப்பிட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சுடா” என்றாள்.

இதைவிட ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம் அவள். ஆறு வாரப் பட்டினியைத் திருவிழாவாக்கிக் காட்டியவளுக்குப் பொய்யா வராது? அன்றைக்கு என்னவோ வரவில்லை.

அண்ணன் தலையாட்டினான். கையை நீட்டினான். அம்மா உருண்டையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை வாய் வரைக்கும் கொண்டுபோனான். வாயும் திறந்தது. கை அதற்கு மேல் போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, உருண்டை உடையாமல் திரும்பத் தட்டிலேயே வைத்தான்.

“கோவம் இல்லம்மா. நம்பு. வேற எங்க உக்காந்தாலும் சாப்பிடறேன். இந்த வீட்டுல எறங்க மாட்டேங்குது. இது உங்க பங்கு, உங்க பங்குன்னு தொண்ட அடைச்சுக்குது. நான் என்ன பண்ணட்டும்?”

எழுந்து கையைக் கழுவினான். போகிற வழியில் முக்காலி இல்லாமலே எட்டிக் கடிகாரத்தை எடுத்து, நேராகத் திருப்பி மாட்டினான். ஒன்றேகால்.

வாசல் வரை வாலு கூடவே போனாள். “போர்வீரன்னு பேரு வச்சு... நான்...” என்று ஆரம்பித்தாள்.

“நல்ல பேருதான் அது” என்றான் அண்ணன், செருப்பை மாட்டிக்கொண்டே. “எனக்குப் பிடிக்கும்.”

“ஏண்ணா இன்னிக்கு மட்டும் சொன்ன? இத்தன வருஷம் சொல்லாம இருந்தியே.”

“நீ சிரிச்ச வாலு. சிரிக்காம இருந்திருந்தா, போர்னு சொல்லிட்டு அப்படியே போயிருப்பேன்.” அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். “ஏர்போர்ட்டுக்கு வராத. வேலைக்குப் போ.”

தெருமுனை திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இனி அவளுக்கு எந்த லீவை நினைத்துக்கொள்வது? விரிப்பை உதறும்போதெல்லாம் ஓடிப்போய் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடம் அது. அதன் கதவைத் தானே லீவு போட்டு வந்து, தன் கையாலேயே உடைத்துவிட்டாள்.

உள்ளே அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வாலு ஜன்னல் போர்வையைக் கழற்றினாள். வெயில் வந்து சோற்றின் மேல் விழுந்தது. மீன், முட்டை எல்லாம் தொட ஆளில்லாமல் ஆறிக்கொண்டிருந்தன. அவள் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு சத்தம் போட்டது. அது அம்மா காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

அம்மா அண்ணன் வைத்துவிட்டுப் போன உருண்டையை எடுத்தாள். மறுபடி ஒரு பிடி பிடித்து உருட்டி, மகள் பக்கம் நீட்டினாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே வாலு பதில் சொன்னாள்.

“போர்மா.”

அம்மா நிமிர்ந்தாள். ஆனால் அவள் கண் வாலுவின் மேல் இல்லை, வாலுவைத் தாண்டி, திறந்து கிடந்த வாசலில் இருந்தது.

“பொய் சொல்லாதடா” என்றாள். “சாப்பிடு.”

வாலு இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். அம்மா உருண்டையை வைத்தாள். அவள் அதை வாயில் போட்டு மென்றாள். ரொம்ப நேரம் மென்றுகொண்டே இருந்தாள், இறங்கவில்லை.